முரட்டுக் குதிரைக்கு முள் கடிவாளமா?
வாயைக் கிழித்தால் வேகம் குறையாது!

பல்லடம்:-

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்." தின்பதற்கு முன்னால் வந்து நின்று, வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் ஆளைப் பார்த்துச் சொல்லும் பழமொழி இது. ஆனால் குதிரை வாயை மூடுவதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. வலியும் ஒரு காரணம்!

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் திருவிழா நடக்கும். அப்போது கூடும் குதிரைச் சந்தை பேர்போனது. திப்பு சுல்தான் காலத்தில் தொடங்கியது என்று சொல்வார்கள். காதுநுனிகள் உள்பக்கம் வளைந்து நிற்கும் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளுக்கு அங்கே லட்ச ரூபாய்க் கணக்கில் விலை பேசுவார்கள்.

அப்படி ஒரு குதிரை பல்லடம் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சாதுவாக நின்ற அதே குதிரை, கோவை - திருச்சி ரோட்டில் லாரி ஹாரன் சத்தம் கேட்டதும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு கையாலும் இழுத்தாலும் நிற்கவில்லை.

"ஏனுங்கண்ணா, இது ஒரே முரடா இருக்குதுங்க. என்ன பண்றதுங்க?" என்று கேட்டால், "முள்ளு லகான் போடு தம்பி, தானா நிக்கும்" என்று யோசனை சொல்லவும் ஆள் இருக்கிறது.

நிற்காது! இன்னும் வேகமாகத்தான் ஓடும். வலி வந்தால் ஓடித் தப்பிப்பது குதிரையின் பிறவிக் குணம். வலியே வாய்க்குள் இருந்தால் அது எங்கே போய்த் தப்பிக்கும்?

வெறும் ஈறுதான்

ஆண் குதிரைக்கு 40 பல். பெண் குதிரைக்குப் பெரும்பாலும் 36. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு காலி இடம் உண்டு. கடிவாளத்தின் வாய்க்கம்பி அங்கேதான் உட்காரும். பல் இல்லாத அந்த இடத்தில் தாடை எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டுமே. பக்கத்தில் நாக்கு. அந்த இடத்தில் முள் குத்தினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

புண் ஆறினாலும் அந்த இடம் தடித்துப் போகும், உணர்ச்சி மங்கும். அதன் பிறகு நல்ல கடிவாளம் போட்டாலும் குதிரை மதிக்காது. "வாய் செத்த குதிரை" என்று ஆவது இப்படித்தான்.

முதலில் காரணம் பாருங்கள்

குதிரை ஏன் இழுக்கிறது? கடிவாளத்தை மாற்றுவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இது.

குதிரைப் பல் ஆயுள் முழுக்க ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். தேயத் தேய ஓரம் கத்தி போலக் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அரம் போட்டு ராவிவிடுவார். சேணம் அழுத்தி முதுகில் வலி இருந்தாலும் ஓடும். கொள்ளு நிறையப் போட்டு, நாள் முழுக்க லாயத்திலேயே கட்டிவைத்தாலும் அவிழ்த்ததும் பாயும். இதற்கெல்லாம் கடிவாளம் மருந்து ஆகாது.

அளவு எடுப்பது எப்படி?

இவை ஒன்றும் இல்லை, குதிரை இயற்கையிலேயே பலசாலி என்று தெரிந்தால், அடுத்தது அளவு. வழவழப்பான ஒரு குச்சியை வாய்க்குள் குறுக்கே வைத்து, இரண்டு உதட்டோரத்திலும் அடையாளம் போடுங்கள். அதைவிடக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கம்பி கூடுதலாக இருக்கவேண்டும். குறைந்தால் உதட்டைக் கிள்ளும். கூடினால் இங்கும் அங்கும் வழுக்கும்.

மாட்டியபின் உதட்டோரத்தில் ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் விழுந்தால் சரி. கம்பி ஒல்லியாக இருந்தால் அறுக்கும். அதற்காக, சின்ன வாயில் தடித்த கம்பியைத் திணித்தால் நாக்கு நசுங்கும்.

நடுவில் மூட்டு வைத்து மடங்கும் சாதாரணக் கம்பிதான் ஸ்னாபிள். பழக்கம் தொடங்குவது இதில்தான். பக்கவாட்டில் நீண்ட தண்டும், தாடைக்குக் கீழே சங்கிலியும் இருந்தால் அது கர்ப். இது நெம்புகோல் வேலை செய்யும். தண்டு நீளத்தைப் பொறுத்து, கையின் இழுப்பு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகித் தாடையில் இறங்கும். கை பதமானவர் பிடித்தால் பலசாலிக் குதிரையும் சின்ன அசைவுக்கே அடங்கும். புதிதாக ஏறுபவர் கையில் அதே கடிவாளம் சித்திரவதை. சங்கிலிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் விடவேண்டும்.

வாயை ஆவென்று திறப்பது, தலையை உதறுவது, நாக்கைக் கம்பிக்கு மேலே தூக்குவது, நுரையில் ரத்தம் தெரிவது இவையெல்லாம் எச்சரிக்கை. உடனே கழற்றிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

முள், குமிழ், கூரான முனை வைத்த கடிவாளத்தைப் பயன்படுத்துவது குற்றம். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான 1965-ம் ஆண்டு விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஆனால் 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, வதைக்கு முதல் முறை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். டீக்கடைச் செலவு! 3 ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் சின்னதுதான். லட்சம் கொடுத்து வாங்கிய குதிரையின் வாய் போனால் அந்த நஷ்டம் சின்னது இல்லை.

நிறுத்துவது கம்பி அல்ல, பழக்கம். இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் குதிரையும் எதிர்த்து இழுக்கும். லேசாக இழுத்து, அது அடங்கிய அந்த நொடியில் கையைத் தளர்த்த வேண்டும். அடங்கினால் நிம்மதி என்று குதிரை கற்றுக்கொள்ளும்.

புதுக் கடிவாளம் மாட்டிய அன்றே ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வேலி போட்ட காட்டுக்குள் சின்ன வட்டமாகச் சுற்றவிட்டு, சொன்ன இடத்தில் நிற்கிறதா என்று பல நாள் பாருங்கள். பஸ்ஸும் லாரியும் கோழி வண்டியும் ஓயாமல் ஓடும் ரோடு இது. இங்கே ஒரு குதிரை மிரண்டு ஓடினால் கீழே விழுவது அதன்மேல் ஏறியவர் மட்டும் அல்ல. வேலை முடிந்து மொபெட்டில் வீட்டுக்குத் திரும்புகிறவரும்தான்.