ஒசுக்கள் நுழைந்த தேவாலயம்

ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயைத் தெரிந்திருக்கும். 1958இல் வெளிவந்த அவரது முதல் நாவலை என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். வெள்ளைக்காரன் மதத்தோடு வந்தான், இக்போ மக்களின் கட்டுக்கோப்பான வாழ்வு சிதைந்தது என்பதுதான் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விடை. தவறில்லை. ஆனால் சிதைந்தது யாருடைய வாழ்வு என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இக்போ சமூகத்தில் 'ஒசு' என்று ஒரு பிரிவினர் உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் ஒசுக்கள். கேட்பதற்கு ஏதோ மரியாதை போலத் தெரியும். நடப்பு வேறு. கோயிலை ஒட்டித் தனிக் குடியிருப்பு. மற்றவர்களோடு பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் இடமில்லை. தலையில் சவரக்கத்தி படக்கூடாது. சடை விழுந்த தலைதான் அவர்களுக்கு அடையாளம். செத்தால் ஊராரோடு புதைக்க மாட்டார்கள், 'கெட்ட காட்டுக்கு'த்தான் போக வேண்டும்.

கிறிஸ்தவர்கள் வந்து தேவாலயம் கட்ட இடம் கேட்டபோது, பேய் அடித்துச் சாகட்டும் என்று ஊரார் கொடுத்ததும் அதே கெட்ட காட்டைத்தான். அந்தத் தேவாலயத்துக்குள் ஒருநாள் ஒசுக்கள் இரண்டு பேர் நுழைகிறார்கள். எதிர்த்தது யார் தெரியுமா? ஏற்கெனவே மதம் மாறி உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். இவர்களைச் சேர்த்தால் ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்கிறார்கள். சபையை நடத்தும் கியாகா வெள்ளைக்காரர் அல்லர், இக்போக்காரர். அவர் அசைந்து கொடுக்கவில்லை. வந்தவர்களைத் தலைமுடியைச் சிரைத்துவிட்டு வரச் சொல்கிறார். மழித்தால் செத்துப்போவோம் என்று அவர்களுக்கே பயம். மழித்த பிறகும் சாகவில்லை. அதைப் பார்த்து அந்த ஊர் ஒசுக்கள் ஏறக்குறைய எல்லோருமே சபைக்கு வந்துவிடுகிறார்கள்.

நாவலின் நாயகனுக்கு உலகம் சரிந்துகொண்டிருந்த அதே சமயத்தில்தான் இது நடக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் மதம் விடுதலை தந்த கதையாக முடிந்திருக்கும். அச்செபே 1960இல் 'நோ லாங்கர் அட் ஈஸ்' எழுதினார். முதல் நாவலில் தகப்பனை மீறிக் கிறிஸ்தவத்துக்குப் போன மகன் நுவோயே, இதில் ஐசக் என்ற பெயரில் வயதான உபதேசியாராக வருகிறார். (அச்செபேயின் அப்பாவும் உபதேசியார்தான். நம் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த அதே சி.எம்.எஸ். சபை.) ஐசக்கின் மகன் ஓபி இங்கிலாந்தில் படித்துவிட்டு லாகோஸில் அரசு வேலையில் இருக்கிறான். அவன் மணக்க விரும்பும் கிளாரா, இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற செவிலியர். ஆனால் ஒசு.

நாம் கிறிஸ்தவர்கள் ஆயிற்றே, நமக்கு ஏது ஒசு என்று மகன் வாதாடுகிறான். சனங்களின் மனதில் ஒசு என்பது குஷ்டம் மாதிரி என்கிறார் உபதேசியார். வேதத்திலிருந்தே உதாரணமும் எடுக்கிறார். நான் செத்த பிறகு கட்டிக்கொள், அதற்கு முன் கட்டினால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்கிறாள் தாய். கிழக்கு நைஜீரியாவில் ஒசு முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1956இல். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்த நாவல் இது.

ஒன்றாக முழங்கால்படியிடலாம், ஒன்றாகப் பாட்டுப் பாடலாம். பெண் கேட்டுப் போனால் மட்டும் பழைய தெய்வம் எழுந்து வந்துவிடுகிறது. பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறியவர் அவர். அச்செபே மதத்தைத் தூக்கிப் பிடிக்கவுமில்லை, தூற்றவுமில்லை. கதவு எதுவரை திறந்தது என்பதைக் காட்டுகிறார். அவரை நாம் மதிப்பது இதனால்தான்.

ஓபி பின்னால் லஞ்ச வழக்கில் சிக்குகிறான். வகுப்பில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கிளாரா கருவைக் கலைத்துவிட்டு, உடம்பு மோசமாகி மருத்துவமனையில் கிடக்கிறாள். பார்க்க வந்த ஓபியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.