பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்பது நம் பெரியோர் வழக்கம். மணமே பூவை அறிவித்துவிடும் என்பது அவர்கள் கருத்து. உண்மைதான். ஆயினும் மல்லிகையின் மணம் தெருமுனை வரைதானே செல்லும்? அடுத்த ஊரில் பூ வேண்டி நிற்பவருக்கு இப்படியொரு கடை இருப்பது எவ்வாறு தெரியும்? இக்கேள்விக்கு இன்று கிடைத்துள்ள விடைகளுள் ஒன்றே சமூக ஊடகச் சந்தைப்படுத்தல்.

பெயரின் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஃபேஸ்புக் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-லும், வாட்ஸ்அப் 2009-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றின. மக்கள் பேசிக்கொள்ளவும் படங்களைப் பகிரவும் கூடும் இத்தளங்களில் நம் பொருளைப் பலரும் அறியச் செய்து, அவர்களோடு உரையாடி, விற்பனையை வளர்ப்பதே இக்கலை. இதனால் விளையும் நன்மைகள் யாவை?

முதலாவது, செலவு குறைவு. செய்தித்தாளில் சிறு விளம்பரம் கொடுக்கவும் பணம் வேண்டும். இங்கோ பக்கம் தொடங்கக் கட்டணமில்லை. சிறு வணிகருக்கென 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசமே. பொருள்களின் படத்தையும் விலையையும் கடை அலமாரியில் அடுக்குவது போல் அதில் அடுக்கி வைக்கலாம்.

இரண்டாவது, குறி தவறாமை. சுவரொட்டியைத் தெருவில் போவோர் அனைவரும் பார்க்கின்றனர், வாங்குவோர் சிலரே. சமூக ஊடகத்தில் பணம் கட்டி விளம்பரம் செய்பவரோ, "இன்ன ஊரில், இன்னதில் விருப்பமுள்ள பெரியவர்களுக்குக் காட்டுக" என்று குறிப்பிடலாம். நாம் எதைப் பார்க்கிறோம், எதை விரும்புகிறோம் என்பதைத் தளங்கள் குறித்து வைத்துக்கொள்வதாலேயே இது இயலுகிறது. அவை நமக்கு இலவசமாகக் கிடைப்பதன் இரகசியமும் இதுவே என்பதை மறக்கலாகாது.

மூன்றாவதே தலையாயது. சுவரொட்டி பேசும், கேட்காது. சமூக ஊடகமோ இரண்டும் செய்யும். வீட்டிலிருந்தபடியே இரவிக்கை தைக்கும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கைவேலைப்பாட்டைப் படத்தில் கண்ட ஒருவர், "இதே வேலைப்பாடு பச்சைத் துணியில் கிடைக்குமா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியே அவருக்கு அடுத்த வேலையாகிறது. மற்றொருவர், "கழுத்து சற்று இறுக்கம்" என்று குறை சொல்கிறார். அதுவும் இலாபமே, அடுத்த தையல் செம்மைப்படும் அல்லவா?

சிற்றூரில் இருப்போரையும் உலகம் காணும் என்பதற்குச் சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தினர் 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினர். திறந்தவெளியில் பெரிய பாத்திரங்களில் சமைக்கும் காட்சியே அதன் சிறப்பு. 2021-இல் அது ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனலாயிற்று.

புதியவர்கள் எப்படித் தொடங்குவது? எல்லாத் தளங்களிலும் கால் வைக்காமல், தம் வாடிக்கையாளர் இருக்கும் ஒன்றைத் தேர்ந்துகொள்க. நல்ல வெளிச்சத்தில் தம் பொருளையே படமெடுத்து இடுக. விலையை மறைக்காதீர்கள். கேட்டவருக்கு அன்றே பதில் கூறுக. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களை அவர்கள் இசைவோடு ஒரு நோட்டிலும் எழுதி வைத்தல் நலம். 2020 ஜூன் மாதத்தில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்தோர் சேர்த்த கூட்டத்தை ஒரே நாளில் இழந்தனர். தளம் வாடகை வீடு போன்றது, சொந்த வீடன்று.

எச்சரிக்கையும் தேவை. பிறர் படத்தைத் தமதென்று காட்டுவதும், பொய்ப் பாராட்டுகளை எழுதுவிப்பதும் ஏமாற்றே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொருளை உற்பத்தி செய்தவருக்கு மட்டுமன்று, அதைப் பரிந்துரைத்தவருக்கும் அது பொருந்தும். மாணவியராகிய நாம் கணக்கை நம் பெயரில் தொடங்காமல், பெற்றோர் பெயரிலேயே அவர்கள் அருகிலிருக்க நடத்துவது பாதுகாப்பானது.

தோழியரே! உங்கள் வீட்டிலும் ஊறுகாய் போடும் பாட்டியோ, கூடை பின்னும் அத்தையோ இருக்கலாம். அவர்கள் திறமை தெருமுனையோடு நின்றுவிட வேண்டுமா? ஒரு மாலைப்பொழுது அவர்கள் அருகில் அமர்ந்து முதல் படத்தை எடுத்துக் கொடுங்கள். விளம்பரம் காற்றைப் போன்றது. மணத்தைத் தூரத்துக்குக் கொண்டுசெல்லும். ஆனால் மணம் பூவில்தான் இருக்க வேண்டும்.