ஏழு ஆட்டம் வென்றவருக்கு வேலை போன கதை

1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் குழு, அந்தப் பருவத்தின் கடைசி ஏழு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று முடித்திருந்தது. ஏழாவது வெற்றி கிடைத்து ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 30ஆம் தேதி குழுவின் நிர்வாகி டேவ் செக்ஸ்டனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்!

தோற்றவரை அனுப்புவது உலக வழக்கம். வென்றவரை அனுப்புவார்களா? அனுப்பினார்கள். ரசிகர்களில் பலர் அதற்காகக் கண்ணீர் விடவும் இல்லை.

மேனேஜர் என்றதும் தோட்டத்து வாசகர்களுக்கு வேறொருவர் முகம் நினைவுக்கு வரலாம். காற்பந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. யாரை விலை கொடுத்து வாங்குவது, யாரை விற்பது, சனிக்கிழமை ஆட்டத்தில் யாரை இறக்குவது, எப்படி ஆடுவது என்று அத்தனையும் தீர்மானிப்பவர் அவர். குழு வென்றால் மாலை ஆட்டக்காரர்களுக்கு. தோற்றால் பழி அவருக்கு. இங்கே அவரை நிர்வாகி என்றே அழைப்போம்.

செக்ஸ்டன் மேல் சொல்லப்பட்ட குற்றம் தோல்வி அல்ல. அவர் குழு ஆடும் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை என்பதுதான். வென்றால் போதுமா, பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டுமா என்ற வழக்கு நமக்கும் புதிதல்ல. தோட்டத்துத் திடலில் 1-0 என்று வென்ற பிறகும் முணுமுணுத்துக்கொண்டே லயத்துக்குத் திரும்பும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். 4-3 என்று தோற்றுவிட்டு, "என்னா ஆட்டம்டா!" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேசிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம்.

தொழிற்சாலைக்கு அடுத்த திடல்

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் அரங்கத்துக்கு அடுத்தாற்போல் இருப்பது டிராஃபர்ட் பார்க் என்ற பெரிய தொழிற்பேட்டை. வாரமெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய தொழிலாளிகள் சனிக்கிழமை பிற்பகல் அந்த அரங்கத்தில் வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலோருக்கு நாற்காலி கிடையாது. மழையோ குளிரோ, படிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றுதான் பார்க்க வேண்டும்.

1945 முதல் கால் நூற்றாண்டு அந்தக் குழுவை வளர்த்தவர் மேட் பஸ்பி. அவர் தம் ஆட்டக்காரர்களுக்கு அந்தத் தொழிற்சாலைகளைச் சுட்டிக்காட்டி, அங்கே உழைக்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் இங்கே வருகிறார்கள், அவர்கள் மனம் மகிழும்படி ஆடுவது உங்கள் கடமை என்ற பொருள்படச் சொல்வாராம். அவரிடம் ஆடிய பாபி சார்ல்டன் பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

1958ஆம் ஆண்டு மியூனிக் விமான விபத்தில் பஸ்பியின் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் மாண்டார்கள். பத்தே ஆண்டுகளில் அவர் இன்னொரு குழுவைக் கட்டி, 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். ஜார்ஜ் பெஸ்ட், டெனிஸ் லா, சார்ல்டன் மூவரையும் ஒரே குழுவில் கண்டு பழகிய கண்கள் அந்த ஊர்க்காரர்களுடையவை. அந்தக் கண்களுக்குப் பின்னால் வந்த எந்த நிர்வாகியும் எளிதில் தப்ப முடியவில்லை.

1974இல் யுனைடெட் முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அப்போது நிர்வாகியாக இருந்தவர் டாமி டாக்கர்ட்டி. வாய்த்துடுக்கும் வேடிக்கைப் பேச்சும் நிறைந்தவர். இறங்கிய குழுவை அவர் தாக்கி ஆடும் குழுவாக மாற்றினார். இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1974-75இல் இரண்டாம் டிவிஷனில் ஆடிய யுனைடெட்டுக்குத்தான் இங்கிலாந்திலேயே சராசரியில் அதிகக் கூட்டம் வந்தது. முதல் டிவிஷனில் வென்றுகொண்டிருந்த குழுக்களுக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை.

ரசிகன் வெற்றிக்கு மட்டும்தான் கைதட்டுவான் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

டாக்கர்ட்டி ஒரே ஆண்டில் குழுவை மீண்டும் மேலே கொண்டுவந்தார். வலது ஓரத்தில் ஸ்டீவ் கொப்பல், இடது ஓரத்தில் கோர்டன் ஹில். இருவரும் கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டு ஓடினால் படிகளில் நிற்பவர்கள் கால் தரையில் பாவாது. 1977 மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் அன்றைய வல்லரசான லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். அதே கோடையில், தம் சொந்த வாழ்க்கை விவகாரம் ஒன்றால் டாக்கர்ட்டி பதவி இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் டேவ் செக்ஸ்டன்.

புத்தகம் படிக்கும் நிர்வாகி

செக்ஸ்டன் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் மகன். ஆனால் ஆள் பரம சாது. தத்துவ நூல்களும் கவிதையும் படிப்பவர். பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்டால் நான்கு வார்த்தையில் முடித்துவிடுவார். டாக்கர்ட்டியின் நகைச்சுவைக்குப் பழகியிருந்த நிருபர்களுக்கு இவரிடம் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை.

இவருக்கு அழகான ஆட்டம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 1970இல் செல்சீ குழுவுக்கு எஃப்.ஏ. கிண்ணத்தையும், அடுத்த ஆண்டில் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தையும் வென்று தந்தவர். பிறகு லண்டனில் உள்ள குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் என்ற சிறிய குழுவை எடுத்துக்கொண்டார். ஹாலந்துக்காரர்களின் ஆட்ட முறையை ஊன்றிக் கவனித்து, அதைத் தம் பிள்ளைகளுக்குப் பழக்கினார். 1975-76இல் அந்தச் சின்னக் குழு தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு லீக் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. லிவர்பூலுக்கு ஓர் ஆட்டம் பாக்கி. பத்து நாள் காத்திருந்தார்கள். லிவர்பூல் அந்த ஆட்டத்தை வென்று ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைத் தட்டிச் சென்றது. ரேஞ்சர்ஸுக்கு அந்த ஆண்டு ஒரு கிண்ணமும் இல்லை. ஆனால் அந்தக் குழுவின் ஆட்டத்தைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள்.

இப்படிப்பட்டவர் யுனைடெட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று?

ரசிகர்களின் செல்லப்பிள்ளை கோர்டன் ஹில் விற்கப்பட்டார். பந்து எதிரியிடம் போனால் பின்னால் ஓடிவந்து தற்காப்புக்கு உதவுவதில்லை என்பது அவர் மேல் குறை. ஒழுங்கு தவறாத, ஓயாமல் ஓடுகிற ஆட்டக்காரர்கள் வந்தார்கள். உயரமான ஜோ ஜார்டனும் கோர்டன் மெக்குவீனும் லீட்ஸிலிருந்து வாங்கப்பட்டார்கள். 1979இல் ரே வில்கின்ஸ் வந்தார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் பந்தைப் பக்கவாட்டிலேயே தட்டுகிறார் என்று அவருக்கு 'நண்டு' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1980 அக்டோபரில் 12 லட்சத்து 50 ஆயிரம் பவுன் கொடுத்து கேரி பர்டில்ஸை வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் 25 லீக் ஆட்டங்கள் ஆடியும் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை. பாவம், நல்ல மனிதனுக்குக் கெட்ட காலம் வந்தால் இப்படித்தான் கூட்டமாக வரும்.

அதற்காகச் செக்ஸ்டன் தோல்வி மேல் தோல்வி கண்டார் என்று எண்ணிவிட வேண்டாம். 1979 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்சனலிடம் 2-0 என்று பின்தங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்து, உடனே இன்னொன்றை வாங்கித் தோற்றது அவர் குழுதான். 1979-80இல் லீக்கில் இரண்டாம் இடம். முதலிடம் பெற்ற லிவர்பூலுக்கு 60 புள்ளி, யுனைடெட்டுக்கு 58. அந்த இரண்டு புள்ளி இடம் மாறியிருந்தால், நண்டு என்று கேலி செய்தவர்களே வில்கின்ஸைத் தோளில் தூக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ரசிகர்கள் எல்லாரும் கலை நுகர்பவர்கள் என்று நானும் சாதிக்க வரவில்லை.

பதினெட்டு சமநிலைகள்

அடுத்த ஆண்டுதான் தலைவிதி மாறியது. 1980-81இல் 42 ஆட்டங்கள். அதில் யுனைடெட் தோற்றது 9 மட்டுமே. பட்டம் வென்ற ஆஸ்டன் வில்லா தோற்றது 8. இரண்டாம் இடம் பெற்ற இப்ஸ்விச் தோற்றது 9. அதாவது, யுனைடெட்டைத் தோற்கடிப்பது முதலிரண்டு குழுக்களைத் தோற்கடிப்பது போலவே கடினமாக இருந்தது. ஆனாலும் பட்டியலில் எட்டாம் இடம்! காரணம், 18 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன.

ரசிகனின் மனக்குறை இந்த எண்ணில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தோல்வியை அவன் தாங்கிக்கொள்வான். இரண்டாம் டிவிஷனில் கிடந்தபோதே படிகளை நிறைத்தவன் அல்லவா? ஆனால் தோற்காமல் இருந்தால் போதும் என்று ஆடுகிற குழுவின் முன்னால் மழையில் நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டது வித்தையோ சர்க்கஸோ அல்ல. வெல்ல வேண்டும் என்ற துடிப்பு திடலில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டான். வாரக்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவன் கேட்கக்கூடாத கேள்வியா அது? அந்த ஆண்டு ஓல்ட் டிராஃபர்டில் கூட்டம் கண்கூடாகக் குறைந்தது. கடைசி ஏழு வெற்றிகள் வந்தபோது மேலிடம் மனத்தை முடித்துக்கொண்டிருந்தது போலும்.

செக்ஸ்டன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சின்னக் குழுவில் அழகாக ஆடித் தோற்றால் தட்டிக்கொடுப்பார்கள். பெரிய குழுவில் ஒவ்வொரு தோல்வியும் மறுநாள் பத்திரிகையில் விசாரணைக்கு வரும். அந்தப் பயம் மனிதனைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும். ரேஞ்சர்ஸில் துணிந்து ஆடவைத்தவர் யுனைடெட்டில் அடக்கி வாசிக்கவைத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர் வெளியேறிய அதே 1981இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்று இருந்த விதியை இங்கிலாந்து லீக் மாற்றி, வெற்றிக்கு 3 புள்ளி என்று ஆக்கியது. தோல்விக்குப் பயந்து சமநிலைக்காக ஆடும் பழக்கத்தை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. பழைய கணக்கில் வில்லாவுக்கும் யுனைடெட்டுக்கும் இடையே 12 புள்ளி வித்தியாசம். புதிய விதிப்படி கூட்டிப் பார்த்தால் வில்லாவுக்கு 86, யுனைடெட்டுக்கு 63. வித்தியாசம் 23! ஒரு சமநிலையின் விலை என்ன என்று பிள்ளைகள் தாளில் போட்டுப் பார்க்கலாம். உலகக் கிண்ணப் போட்டியிலும் 1994 முதல் இந்த 3 புள்ளி முறை வந்துவிட்டது.

செக்ஸ்டனுக்குப் பின் வந்த ரான் அட்கின்சன் பகட்டான மனிதர், தாக்கி ஆடும் குழுவை விரும்பியவர். பிரையன் ராப்சனை 15 லட்சம் பவுனுக்கு வாங்கினார். 1983இலும் 1985இலும் எஃப்.ஏ. கிண்ணம் வந்தது. 1985-86 பருவத்தை முதல் பத்து ஆட்டங்களையும் வென்று தொடங்கினார்கள். முடிவில் கிடைத்ததோ நான்காம் இடம்! 1986 நவம்பரில் அவரும் போனார். அழகு மட்டும் இருந்து லீக் பட்டம் வராவிட்டாலும் நாற்காலி நிலைக்காது என்பதை அவர் கதை காட்டிவிட்டது. அதே காலத்தில் லிவர்பூல் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்ததுதான் மற்றவர்களுக்கு வந்த வினை. 1978-79இல் பாப் பெய்ஸ்லியின் லிவர்பூல் 42 ஆட்டங்களில் 85 கோல் போட்டு, 16 கோல் மட்டுமே வாங்கியது. யுனைடெட்டுக்கு லீக் பட்டம் அலெக்ஸ் ஃபெர்குசன் காலத்தில், 1993இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் ஓடியவை 26 ஆண்டுகள்.

வழக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. 2015-16இல் அதே ஓல்ட் டிராஃபர்டில் லூயி வான் கால் நிர்வாகி. 38 லீக் ஆட்டங்களில் 49 கோல்தான். முன்னேறித் தாக்குங்கள் என்று சொந்த ரசிகர்களே கூட்டமாகக் கூவினார்கள். மே 21ஆம் தேதி அவர் குழு எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. நிருபர்கள் சந்திப்புக்கு அந்தக் கிண்ணத்தைக் கையோடு கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். 23ஆம் தேதி அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

செக்ஸ்டனோ யாரையும் குறை சொல்லிக்கொண்டு திரியவில்லை. கொவென்ட்ரி குழுவில் இரண்டு ஆண்டு நிர்வாகியாக இருந்தார். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்ட இளைஞர் குழுவுக்குப் பொறுப்பேற்று, 1982இலும் 1984இலும் ஐரோப்பியப் பட்டத்தை வென்று கொடுத்தார். 2012 நவம்பரில், 82ஆவது வயதில் காலமானார்.