வழுக்காத கைப்பிடி: அளவும் முக்கியம், ரசீதும் முக்கியம்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர் இருக்கும். கைக்குள் பிடி சற்றே நழுவி, அந்த இரண்டு குறிகளின் நேர்க்கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலே குண்டு பத்து மீட்டர் தள்ளி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போய் விழும். பத்து கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது, அதுவும் ஓரத்தில்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டல் தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதற்கு முன்பு இந்த விளையாட்டின் பெயரைக்கூடக் கேட்டிராத வீடுகளில் இன்று பிள்ளைகள் ஏர் பிஸ்டல் கேட்கிறார்கள். பெற்றோர் துப்பாக்கிக்குச் செலவழிக்கிறார்கள், பயிற்சிக்குச் செலவழிக்கிறார்கள். கைப்பிடி விஷயத்தில் மட்டும் பெட்டியோடு வந்ததே போதும் என்று இருந்துவிடுகிறார்கள், அல்லது "வழுக்காது" என்று விளம்பரம் செய்த ஏதோ ஒன்றை இணையத்தில் வாங்கிவிடுகிறார்கள். உடலுக்கு வரும் தொல்லை, போட்டியில் தகுதியிழப்பு, பணம் போய்த் திரும்பாத நிலை ஆகிய மூன்றும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

வழுக்குவது ஏன்?

தகுதிச்சுற்றில் 60 குண்டுகள், 75 நிமிடம். முதல் குண்டு சுடும் கையும் அறுபதாவது குண்டு சுடும் கையும் ஒன்றல்ல. பதற்றத்தில் உள்ளங்கை வியர்க்கும். கடலோர நகரங்களில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். பிடி நழுவுகிறது என்று உணர்ந்ததும் விரல்கள் தானாகவே இறுக்குகின்றன. இறுக்கம் கூடக்கூட முன்கைத் தசை சோர்ந்து, நடுக்கம் தொடங்கும். மாதக்கணக்கில் இப்படியே சுட்டால் கட்டைவிரல் அடியிலும் முழங்கைப் புறத்திலும் தசைநாண் வலி நிலைத்துவிடக்கூடும்.

ஆகவே வழுக்கலுக்கு முதல் மருந்து சொரசொரப்பு அல்ல, அளவு. கைக்குச் சரியாகப் பொருந்தும் பிடி வழவழப்பாக இருந்தாலும் ஓரளவு நிற்கும். பொருந்தாத பிடியில் எவ்வளவு முரட்டு மேற்பரப்பு இருந்தாலும் அது தோலைத்தான் உரிக்கும்.

பொருத்தத்தைச் சோதிக்கப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் எளிய வழி ஒன்று உண்டு. குண்டு இல்லாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை இலக்கை நோக்கி உயர்த்த வேண்டும். கண்ணைத் திறக்கும்போது முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நடுவாக இருந்தால் பிடி கைக்கு ஏற்றது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால், மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது; பிடியைத்தான் மாற்ற வேண்டும். விசை இழுக்கும் ஆள்காட்டி விரல் மரத்தில் எங்கும் உரசக் கூடாது. ஏர் பிஸ்டல் விசையின் குறைந்தபட்ச இழுவை எடை 500 கிராம். மரத்தில் விரல் உரசினால் அந்த அழுத்தம் பக்கவாட்டில் பிஸ்டலைத் தள்ளும். கீழே உள்ளங்கை அமரும் தட்டு கையைத் தாங்க வேண்டும், நெருக்கக் கூடாது.

இந்தச் சோதனையைக் கடையில் ஒரு நிமிடம் செய்து பார்ப்பது போதாது. முப்பது நாற்பது குண்டு சுட்டு, கை வியர்த்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

எந்த மேற்பரப்பு?

தரமான போட்டிப் பிஸ்டல்களில் பெரும்பாலும் வால்நட் மரப்பிடியே வரும். அதன் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். மேலே கனமாக வார்னிஷ் பூசியிருந்தால் அந்தப் புள்ளிகள் மூடிப்போய், வியர்வை பட்டதும் வழுக்கும். எண்ணெய் மட்டும் தேய்த்த மரம் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். ரப்பர் பிடி தொடக்கத்தில் நன்றாக ஒட்டும். ஆனால் அழுத்தினால் நெளியும், அதனால் ஒவ்வொரு முறையும் பிடி ஒரேபோல அமைவது கடினம். முப்பரிமாண அச்சில் வரும் பிளாஸ்டிக் பிடிகளில் அளவைத் துல்லியமாகக் கொண்டுவரலாம். மேற்பரப்பின் தரம் செய்பவரைப் பொறுத்தது. உப்புத்தாள் போன்ற ஒட்டுநாடா மலிவு. ஆனால் அது பிடியின் பருமனைக் கூட்டும், விளிம்பு உரிந்து விரலைக் கிழிக்கும், வெப்பத்தில் பசை இளகி நகரும்.

அழகுக்காக ரோஸ்வுட் வகை மரத்தில் பிடி கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த மரக் குடும்பத்தில் சில இனங்கள் தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. உள்ளங்கையில் அரிப்பும் சிவப்பும் பயிற்சி நாள்களில் மட்டும் வந்து விடுமுறையில் அடங்கினால், வியர்க்குரு என்று விட்டுவிடாமல் பிடியைச் சந்தேகித்துத் தோல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஏர் பிஸ்டலில் போடும் 4.5 மில்லிமீட்டர் குண்டுகள் பெரும்பாலும் ஈயம். குண்டை எடுத்துப் போடும் விரலிலிருந்து ஈயத்துகள் பிடிக்கு வருகிறது. சொரசொரப்பான மேற்பரப்பின் குழிகளில் வியர்வையோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. உடலில் இந்த அளவு ஈயம் இருந்தால் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு; பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். சுடுதளத்தில் எதையும் சாப்பிடாமல் இருப்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பிடியை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியே வைப்பது என்று மூன்று பழக்கம் வந்துவிட்டால் இதைச் சமாளிக்கலாம்.

விதிப்புத்தகம் சொல்வது

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி ஏர் பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. கைப்பிடியும் சேர்ந்து 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பிடியின் எந்தப் பகுதியும் கையைத் தாண்டி நீண்டு மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். உள்ளங்கைத் தட்டு பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரல் தடையின்றி மேலே எழ இடம் வேண்டும். சுடும் கையில் கைக்கடிகாரமோ மணிக்கட்டுப் பட்டையோ அணியக் கூடாது.

இணையத்தில் விற்கும் சில பிடிகள் கையைச் சுற்றி அணைத்துக்கொள்ளும் வடிவத்தில் இருக்கும். பழைய 50 மீட்டர் பிஸ்டல் போட்டிக்காக உருவான வடிவம் அது. அந்தப் பிரிவில் பிடியின் வடிவத்துக்குத் தாராளம் உண்டு. 2016 ரியோவுக்குப் பிறகு அது ஒலிம்பிக்கிலும் இல்லை. அதே பிடியை ஏர் பிஸ்டலில் மாட்டிக்கொண்டு போனால் கருவிச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சோதனை முடிந்து முத்திரை ஒட்டிய பிறகு பிடியில் மாற்றம் செய்வதும் ஆபத்து. போட்டி முடிந்த பின்னும் சோதனை நடக்கும். அனுமதி பெற்ற நிலையிலிருந்து கருவி மாறியிருந்தால் தகுதியிழப்பு வரை போகும். புதிய ஒட்டுநாடா, கூட்டி ஒட்டிய பசைமா எதுவானாலும் சோதனைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இடக்கைக்காரர்களின் உரிமை

ஹங்கேரியின் கரோலி தகாச்சுக்கு 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. இடக்கையால் சுடப் பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் விரைவுப் பிஸ்டல் பிரிவில் தங்கம் வென்றார். வலக்கையில் குறைபாடுள்ள இந்திய வீரர் மணிஷ் நர்வால் இடக்கையால் சுட்டு டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டல் தங்கத்தை வென்றார். வலக்கைப் பிடியை இடக்கையில் வைத்துப் பழகு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது பயிற்சி ஆகாது. கட்டைவிரல் மேடு, விரல் பள்ளங்கள் எல்லாமே எதிர்ப்பக்கம் அமைந்திருக்கும்; பிடி நழுவியே தீரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 30ஆவது பிரிவு, விளையாட்டு வசதிகளை அவர்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கவும் அவர்கள் திறனை வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கவும் வழி சொல்கிறது. ஏற்ற பிடி வேண்டும் என்று மாற்றுத்திறனாளி வீரர்கள் பயிற்சி நிலையத்திடம் எழுத்தில் கேட்பதற்கு அந்தப் பிரிவு துணை நிற்கும்.

அரத்தை எடுக்கும் முன்

பிடி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று வாங்கிய அன்றே அரம் போட்டுத் தேய்ப்பது சுடுதளங்களில் சாதாரணமாக நடப்பதுதான். நல்ல பிடி பலவும் இப்படித்தான் உருவாகின்றன. ஆனால் தேய்த்த நிமிடத்திலிருந்து சட்டத்தின் கணக்கு மாறுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 87ஆவது பிரிவுப்படி, பாதிப்பு நேர்ந்த வேளையில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது. விரிசல் விட்ட மரம், பொருந்தாத திருகு, தவறான அளவு போன்ற குறைகள் இருந்தால் பிடியைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை. வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகே அரமும் உப்புத்தாளும்.

தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. குழியை நிரப்ப எபாக்சி பிசைபவர்கள் வெறுங்கையால் பிசையக் கூடாது; முழுதாக இறுகாத எபாக்சி தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. கையுறை போட்டுப் பிசைந்து, அது முற்றிலும் இறுகிய பிறகே பிடியைத் தொட வேண்டும்.

மற்றொரு எல்லையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 25 மீட்டர் போட்டிகளின் பாயின்ட் டூ டூ பிஸ்டல் அப்படியல்ல. அது உரிமத்துக்கு உட்பட்ட ஆயுதம். அதில் பிடியைக் கழற்றி மாட்டுவதைத் தாண்டி உலோக உடலைத் துளைப்பதோ அறுப்பதோ உரிமம் பெற்ற பழுதுநீக்குநரின் வேலை. விரைவுப் பிரிவில் ஐந்து குண்டுகளை எட்டு, ஆறு, நான்கு நொடிகளில் சுட வேண்டும். அங்கே பிடியின் திருகு தளர்ந்திருந்தால் புள்ளி போவதோடு நிற்காது, குழல் திசை மாறும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

ரசீது கேட்டு வாங்குவதிலிருந்து உரிமை தொடங்குகிறது. ரசீது தராமல் இருப்பதே 2019 சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. இணைய விற்பனைக்குத் தனி விதிகள் 2020இல் வந்தன. விவரித்தபடி இல்லாத பொருளை விற்பவர் திரும்ப ஏற்க மறுக்க முடியாது. இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அளவு கொடுத்துச் செய்யும் பிடி என்றால், வெள்ளைத்தாளில் கையை விரித்து வைத்து வரைந்து, நான்கு விரல்களின் அடியில் உள்ளங்கையின் அகலத்தையும் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளத்தையும் குறித்து, எந்த மாடல் பிஸ்டல், எந்தக் கை என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். அதன் நகல் கையில் இருக்க வேண்டும். வந்த பிடி அந்த அளவில் இல்லாவிட்டால் அந்தத் தாள்தான் சாட்சி.

வெளிநாட்டில் செய்த பிடி, செய்தவரைப் பிடிக்க முடியாதே என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். 2019 சட்டத்தின் 86ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு அறிவிப்பு அனுப்ப முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலோ, பொருளால் நேர்ந்த காயத்துக்கு இங்கே விற்றவரே பொறுப்பாக்கப்படலாம். எனவே வெளிநாட்டு இணையதளத்தில் நேரடியாக வாங்குவதைவிட, முகவரியும் ரசீதும் உள்ள இந்திய விற்பனையாளரிடம் வாங்குவது சில நூறு ரூபாய் கூடுதலானாலும் பாதுகாப்பு.

முறையீட்டின் முதல் படி, விற்றவருக்குப் புகைப்படங்களோடு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவரின் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையம் வழியாகவும் பதியலாம். குறையை ஆய்வகச் சோதனையால்தான் அறிய முடியும் என்றால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுப்பதற்கான காலக்கெடு இரண்டு ஆண்டு.

போட்டிக்கு முன்பே செய்ய வேண்டிய ஏற்பாடும் ஒன்று உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே பழுதாகி, அதைச் சரிசெய்வதில் பல நிமிடங்கள் போயின. 575 புள்ளியுடன் 12ஆம் இடத்தில் முடித்தார். இறுதிச்சுற்றுக்குப் போக முடியவில்லை. அன்று பழுதானது கைப்பிடி அல்ல. ஆனாலும் பிஸ்டல் பழுதானால் மாற்றுப் பிஸ்டல் உடனே உதவ வேண்டுமானால், அதிலும் அதே அளவில் தேய்த்து, கருவிச் சோதனை முடித்த கைப்பிடி ஏற்கெனவே மாட்டியிருக்க வேண்டும். மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டாவது பிஸ்டல் கட்டுப்படியாகாத வீடுகளில், துப்பாக்கி சுடும் மன்றங்கள் தம்மிடமுள்ள பொதுப் பிஸ்டல்களுக்குச் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளிலும் இடக்கைக்கும் பிடிகளை வாங்கி வைக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் பெற்றோர் முன்வைக்கத்தக்க முதல் கோரிக்கை இது.