பேட்டை நடையில் வலசைப் பறவைகள்

உயர்நிலை இரண்டு மாணவர் ஒருவர் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: “இலையுதிர்காலத்தில் எங்கள் பேட்டைக்குப் புதுக் குருவிகள் வந்தன.” உடனே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். சிங்கப்பூரில் இலையுதிர்காலம் ஏது? பிறகுதான் யோசித்தேன், அவர் பார்த்தது உண்மை. இலையுதிர்காலம் நமக்கு இல்லை, சைபீரியாவுக்கும் வடசீனாவுக்கும் உண்டு. அங்கே அது தொடங்கும்போது இங்கே பறவைகள் வந்து சேருகின்றன. அவருக்குக் கிடைக்காமல் போனது ‘வலசை’ என்ற ஒரே ஒரு சொல்தான்.

வலசை என்றால் இருந்த இடத்தை விட்டு வேறிடம் பெயர்தல். முன்பு பகைவருக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போகும் மக்களுக்கும் இந்தச் சொல் வழங்கியது. பறவைகள் குளிர் தாங்காமல் வருகின்றன என்றே பலரும் எழுதுகிறோம். அது பாதி உண்மை. குளிர் வந்தால் பூச்சிகள் குறையும், தரையும் நீர்நிலையும் உறையும், இரை கிடைக்காது. முதல் காரணம் வயிறு. ஆர்க்டிக்கிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 22 நாடுகளைத் தொட்டுச் செல்லும் வான்வழியில் நாம் இருக்கிறோம். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இந்த வழியில் ஒரு முக்கியமான தங்குமிடம். ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. புளோக்குக்குக் கீழே இறங்கினாலே போதும்.

முதலில் தேட வேண்டியது பழுப்புக் கீச்சான். செப்டம்பர் வாக்கில் வரும். மைனாவைவிடச் சிறியது, கண்ணை ஒட்டி முகமூடி போட்டதுபோல் கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. திடலோரக் கம்பியிலோ புதரின் உச்சியிலோ தனியாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளியோ பல்லியோ அசைந்தால் பாய்ந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். இன்னொரு கீச்சான் எல்லைக்குள் வந்தால் ‘சக் சக்’ என்று கரடுமுரடாகக் கத்தி விரட்டும். இன்று பார்த்த இடத்திலேயே நாளையும் இருக்கும் என்பதால் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பெரிய கால்வாய் பக்கத்தில் இருந்தால் வாலை ஓயாமல் ஆட்டியபடி விளிம்பில் ஓடும் உள்ளானைப் பாருங்கள். புல்வெளித் திடலில் நாலு எட்டு ஓடி, சட்டென நின்று, தரையைக் கொத்துவது பொன்னிற உப்புக்கொத்தி. கம்பி மேல் வரிசையாக உட்காருபவை தகைவிலான்கள். பஞ்சுருட்டான் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. இங்கே குஞ்சு பொரித்த நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் கிளம்பும் நேரத்தில் நீலவால் பஞ்சுருட்டான் வந்து இறங்கும். வாடகை வீடு கைமாறுவதுபோலத்தான்!

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். சிறு பறவைகள் பல இரவில்தான் பயணம் செய்கின்றன. கட்டட வெளிச்சம் அவற்றைத் திசை மாற்றுகிறது, கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மை மரமென்று நம்பி மோதுகின்றன. நம் ஊரில் அப்படி அடிபடுபவற்றில் நீலச்சிறகுப் பிட்டா ஒன்று. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்கிறார்களே, அதற்கு உறவு. சென்ற ஆண்டு எங்கள் நடையில் ஒன்று தூணருகே சிறகு விரித்துக் கிடந்தது. பச்சையும் நீலமுமாக அத்தனை அழகு. “டீச்சர், தூங்குதா?” என்று கேட்ட பிள்ளைக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உயிரோடு கிடந்தால் தண்ணீர் புகட்டாதீர்கள். காற்றுத் துளையுள்ள பெட்டியில் வைத்து மூடி, அமைதியான இடத்தில் விட்டு, தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு: “அழகிய பறவைகள் பறந்தன” என்ற வாக்கியத்தை நான் ஆயிரம் முறை திருத்தியிருப்பேன். என்ன பறவை, எங்கே உட்கார்ந்தது, என்ன செய்தது? தத்தியது, கொத்தியது, பாய்ந்தது, விரட்டியது என்று வினைச்சொல்லை மாற்றிப் பாருங்கள். வாய்மொழித் தேர்விலும் பார்த்ததைப் பேசுபவர் திக்கமாட்டார்.

காலை ஏழு மணிக்கு இருபது நிமிட நடை போதும், தொலைநோக்கி கட்டாயமில்லை. தேதி, நேரம், இடம், பறவை செய்த காரியம், இந்த நான்கையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏப்ரல், மே வாக்கில் ஒரு நாள் கீச்சானின் கம்பி காலியாக இருக்கும். அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள், செப்டம்பரில் அதே கம்பியைப் போய்ப் பார்க்க வேண்டும்.