மயிரும் இறகும் பல்லும்: ஒரு தடிப்பின் கதை

மயிர், இறகு, பல்லியின் செதில், பல், வியர்வைச் சுரப்பி ஆகிய ஐந்தையும் நாம் வெவ்வேறு சொற்களால் சுட்டுகிறோம். அச்சொற்களிடையே உறவு தெரிவதில்லை. ஆயினும் கருவின் வளர்ச்சியை நோக்கின், இவை ஐந்தும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஒவ்வொன்றும் கருவின் புற அடுக்கில் எழும் சிறு தடிப்பாகவே தொடங்குகிறது.

அத்தடிப்பு எவ்வாறு எழுகிறது? மேற்றோலும் அதன் கீழுள்ள அடித்தோலும் மரபணுக்கள் ஆக்கும் புரதங்களைக் குறிகளாகக் கொண்டு தம்முள் செய்தி பரிமாறுகின்றன. 'விண்ட்' எனும் குறி தடிப்பை எழுப்புகிறது, 'பி.எம்.பி.' எனும் குறி அதனருகே மற்றொன்று எழாதவாறு தடுக்கிறது. தூண்டலும் தடையும் கூடியே மயிர்கள் இடைவெளிவிட்டு அமைகின்றன.

1970களில் பிரெஞ்சு ஆய்வாளர் தானியேல் துவாயி, சுண்டெலிக் கருவின் அடித்தோலைக் கோழிக் கருவின் மேற்றோலோடு இணைத்து வளர்த்தார். 'இங்கே ஓர் உறுப்பை ஆக்குக' என்னும் எலியின் ஆணையைக் கோழித்தோல் உணர்ந்தது. ஆனால் மயிரை ஆக்காமல் இறகின் அரும்பையே ஆக்கிற்று. மொழியியல் பயின்ற நாம் இங்கே சற்று நின்று வியக்கிறோம்: செய்தி அயலாருடையது, மறுமொழியோ தாய்மொழியில் வந்தது.

ஒரு குறி பிழைபடின் என்ன நேரும்? சார்லஸ் டார்வின் 1875ஆம் ஆண்டு நூற்பதிப்பில் சிந்துப் பகுதியின் இந்துக் குடும்பம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் ஆடவர் பத்துப் பேருக்குப் பற்கள் மிகச் சில, உடல்மயிர் அருகியிருந்தது, வெயிற்காலத்தில் தோல் வறண்டு துன்புற்றனர். மகளிர்க்கு இக்குறை இல்லை. எனினும் அவர்கள் வழியே மகன்களைச் சென்றடைந்தது. இத்தகைய நோய்க்குரிய மரபணு 1996இல் அறியப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதன் பெயர் ஈ.டி.ஏ. தடிப்புகளை வளர்க்கும் குறியை ஆக்குவது அதுவே. ஆகவேதான் பல்லும் மயிரும் வியர்வையும் ஒருசேரக் குன்றின. 2018இல் செருமானிய மருத்துவர்கள், கருவைச் சூழ்ந்த நீரில் அப்புரதத்தைச் செலுத்தியதன் பயனாகக் குழந்தைகள் வியர்க்கும் திறனுடன் பிறந்த செய்தியை வெளியிட்டனர்.

ஜொகூரின் வெப்பத்தில் வாழும் நாம் வியர்வையைத் தொல்லை என்கிறோம். அஃதின்றேல் உடற்சூடு தணிவதில்லை. பற்கள் குறைந்து, மயிர் மெலிந்து, திடலின் வெயிலில் விரைவில் சோரும் மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருக்கலாம். அவனைச் சோம்பேறி எனக் கடியுமுன் நிழலும் நீரும் தருவோம்; மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோரிடம் சொல்வோம்.