தொழிலெச்சம்: கம்பம் பள்ளத்தாக்கு வழங்கும் சான்றுகள்

ஒரு தொழிலகத்துள் புகும் பொருள்கள் யாவை, விளைந்து வெளிவருவன யாவை, எஞ்சியவை எங்குச் சென்று சேர்கின்றன என்பவற்றை நிறுத்தும் அளந்தும் காணும் துறையைத் தொழிற்சூழலியல் என்பர். 1989-ஆம் ஆண்டில் ராபர்ட் பிராஷ், நிக்கலஸ் கல்லோபூலஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இத்துறை பரவலாக அறியப்பட்டது. காட்டில் ஓருயிர் விடுத்தது மற்றோர் உயிருக்கு உணவாகின்றது. அதுபோல ஓர் ஆலையில் எஞ்சியது மற்றோர் ஆலைக்கு மூலப்பொருளாதல் வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கொள்கையாகும்.

இத்துறை பற்றித் தமிழில் எழுதப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது சொல்லிடர். எஞ்சும் பொருள் அனைத்தையும் ‘கழிவு’ என்னும் ஒரு சொல்லால் இன்று குறிக்கின்றோம். இது பொருந்துமா என்பதைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் நிகழும் தொழில்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நெல்லைக் காண்போம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபின், மலையைக் குடைந்து வந்த நீரால் இப்பள்ளத்தாக்கு வளம் பெற்றது. இங்கே 14,707 ஏக்கர் நிலம் இருபோகப் பாசனத்துக்குரியது. 100 கிலோ நெல்லை அரைப்பின் ஏறத்தாழ 20 கிலோ உமியும் 8 கிலோ தவிடும் கிடைக்கும். உமி கொதிகலனில் எரிந்து, நெல்லை அவிக்கும் நீராவியைத் தருகின்றது. நெல்லே தன்னை அவிக்கும் விறகையும் உடன் கொண்டு வருகின்றது எனலாம். அவ்வுமி எரிந்தபின் எஞ்சும் சாம்பல் ஏறத்தாழ 4 கிலோ. அதன் பெரும்பகுதி சிலிக்கா ஆதலின், சிமெண்டுக் கலவைக்கும் அது பயன்படும். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகின்றது. எஞ்சியது கால்நடைத் தீவனமாகின்றது.

போடிநாயக்கனூரை அடுத்த மலைச்சரிவுகளில் விளையும் இலவின் நிலையும் இத்தகையதே. பழுக்கும் என்று காத்திருந்த கிளி பஞ்சு பறக்கக் கண்டு ஏமாந்தது என்பது உலக வழக்கு. தொழிலாளரோ ஏமாறவில்லை. பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் ஆகின்றது. விதை எண்ணெய்க்கு ஆகின்றது. எண்ணெய் பிழிந்தபின் பிண்ணாக்கு. காயின் ஓடு அடுப்புக்கு விறகு.

மாவட்டத்தில் விளையும் மற்றொரு பயிரான கரும்புக்கு வருவோம். 100 டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 30 டன் சக்கை எஞ்சுகின்றது. ஆலைகள் அதனை எரித்து நீராவியும் மின்னாற்றலும் பெறுகின்றன. கரூர் மாவட்டத்துப் புகளூரில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, இச்சக்கையையே முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. சக்கையை இழக்கும் சர்க்கரை ஆலைகளுக்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ வழங்கும் ஏற்பாட்டையும் அது மேற்கொண்டது.

உமி, தவிடு, பிண்ணாக்கு, சக்கை ஆகிய சொற்களை நோக்குக. இவற்றுள் ஒன்றேனும் கழிவு என்னும் அடை பெறவில்லை. தனக்கெனப் பெயர் பெற்ற பொருள் தனக்கென ஓரிடமும் பெற்றுள்ளது. பிற்காலத்து ஆக்கமாகிய ‘கழிவுப்பாகு’ என்பதோ, சாராய வடிப்பாலைகள் விலை கொடுத்து வாங்கும் பொருளைக்கூடக் கழிவாக்கி நிற்கின்றது.

இனி, பெயரற்ற பொருள் ஒன்றனையும் காண்போம். ஆலையில் ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வேண்டும். ஊறியபின் வடிக்கப்படும் அந்நீரில் உயிர்ப்பொருள் மிகுதியாகக் கரைந்திருத்தலின் அது புளித்து நாறும். இல்லத்தில் அரிசி கழுவிய நீருக்குக் கழுநீர் என்னும் பெயர் உண்டு. அதற்கென ஒரு பானை உண்டு. அதனைக் குடிக்க மாடும் உண்டு. ஆலையின் ஊறல் நீருக்கு இம்மூன்றும் இல்லை. தொழில் பெருகியபோது அளவு பெருகிற்று. பழைய பெயரும் பழைய பயனும் உடன் வளரவில்லை.

ஆதலின், எஞ்சும் பொருளைத் தொழிலெச்சம் எனக் குறித்தல் பொருத்தமாகும் என்பது நம் கருத்து. கழிவு என்பது கழிந்து போனது. அதனோடு நமக்குள்ள தொடர்பு முடிந்தது என்னும் குறிப்பைத் தருவது. எச்சம் என்பது எஞ்சி நிற்பது. இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் பொருள் நிரம்புதற்கு வேறொரு சொல்லை அவாவி நிற்றலை நாம் அறிவோம். ‘வந்த’ என்ற அளவில் நிறுத்தினால் வாக்கியம் முடிவதில்லை. அவ்வாறே உமியும் சக்கையும் ஊறல் நீரும் தம்மை ஏற்று முடிக்கும் மற்றொரு தொழிலை அவாவி நிற்பன. அம்முடிபைத் தேடிக் காண்பதே தொழிற்சூழலியலாரின் பணி.

எச்சம் என்பது பறவையின் கழிவையும் குறிக்குமே எனின், அது நம் கருத்துக்கு அரணாகுமேயன்றித் தடையாகாது. ஆலும் அரசும் கோபுரத்தில் முளைப்பது அவ்வெச்சத்தாலன்றோ?

சொல் மாறிய அளவில் நீர் தூய்மையாகிவிடும் என்று நாம் கூறவில்லை. ஊறல் நீரைத் தூய்மை செய்து பாசனத்துக்குப் பயன்படுத்தலாம். காற்றுப்புகாக் கலத்தில் நொதிக்கச் செய்து எரிவளியும் பெறலாம். இவற்றுக்குப் பொருட்செலவும் முயற்சியும் வேண்டும். ஆயினும், கழிந்ததெனக் கருதப்படும் பொருளைத் தேடிச் செல்வார் இலர். முல்லையாறு வைகையிற் கலக்கின்றது. வைகை அணையின் நீரை மதுரை மாநகர் பருகுகின்றது. இப்பள்ளத்தாக்கின் ஆற்றில் முடிபு பெறாது விடப்படும் எச்சம் எதுவாயினும், அது சென்று முடியுமிடம் மக்கள் பருகும் நீரே என்பதை மறத்தலாகாது.